பதில்: பனி உருகத் தொடங்கியதிலிருந்து நாய் நொண்டுகிறது, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் விரலிடுக்கில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். இந்தப் பருவத்தில் பகலில் பனி இளகி ஈரமாகிறது, ராத்திரி மறுபடி உறைகிறது. அந்த ஈரப்பனி பாத முடியில் ஒட்டி, கோலிக்குண்டு போல இறுகிவிடும். நடக்க நடக்க அது தோலை அழுத்தும். காலையில் மேலே படியும் உறைபனிப் பொருக்கின் விளிம்பும் பாதத்தைக் கீறும்.

அந்தப் பனிக்கட்டியைப் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை வைத்தால் தானே கரையும். பிறகு ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துத் துடையுங்கள். இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். ஈரம் தங்கினால் புண்ணாகும். பாதத்தின் அடியில் மெத்தென்று இருக்கும் திண்டுக்கு மேல் நீளும் முடியை மட்டமாக வெட்டிவிடுங்கள்.

அப்படியே உண்ணியும் பாருங்கள், பாவம் நாய் அதுவாகச் சொல்லாது. வெப்பநிலை சுமார் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனாலே சில வகை உண்ணிகள் நடமாட ஆரம்பித்துவிடும். இருந்தால் தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

வீக்கமோ சீழோ இருந்தால், அல்லது இரண்டு நாளில் நொண்டல் குறையாவிட்டால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை நீண்ட நடை வேண்டாம்.