சிஎஸ்3301னா மூணாவது வருசப் பாடமா?

கேள்வி: எம் பொண்ணு சேலத்துல அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழ வர்ற காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறா, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பருக்கு சிஎஸ்3301னு போட்டிருக்கு. அமெரிக்காவுல இருக்கிற மச்சான் பையன் பாத்துட்டு "இது 3000 லெவலாச்சே மாமா, மூணாவது வருசப் பாடத்த ரெண்டாவது வருசமே முடிச்சிட்டாளா?"ங்கிறான். நிஜமா சார்?
- ஏற்காடு வாசகர்

பதில்: சந்தோசத்தக் கெடுக்க மனசில்லீங்க, ஆனா அந்த மொத 3, வருசத்தச் சொல்ற 3 இல்ல. 2021 ரெகுலேஷன்னு யுனிவர்சிட்டியோட பாடத்திட்ட விதிமுறை ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதோட அடையாளம் அது, ஃபர்ஸ்ட் செமஸ்டர் மேத்ஸே எம்ஏ3151 தான். 2017 ரெகுலேஷன்ல அதே எடத்துல 8 இருந்துச்சு, உங்க மச்சான் பையன் கணக்குப்படி அந்த சீனியருங்க எல்லாம் பிஎச்டியத் தாண்டிப் போயிருக்கணும்! அதுக்கு அடுத்த நம்பர்தான் செமஸ்டர், 3301ல மூணாவது, 3151ல மொதல். இதுவும் எல்லாத்துக்கும் பொருந்தாது, சிசிஎஸ்னு ஆரம்பிக்கிற எலெக்டிவ்ல நம்பர் வேற மாதிரி வரும், சொந்தமா பாடத்திட்டம் போட்டுக்கிற ஆட்டானமஸ் காலேஜ்னா கோடே அவங்க இஷ்டம்.

அமெரிக்காவுல 100னு ஆரம்பிச்சா பெரும்பாலும் மொத வருசம், 400 கடைசி வருசம், 500க்கு மேல மாஸ்டர்ஸ், சில எடத்துல ஒரு சைபர் கூடப் போட்டு 3000ம்பாங்க. யுஜிசியும் 2022ல கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு நம்பர் வரிசை குடுத்துச்சு.

கோட விட்டுட்டு சிலபஸ்ல எல், டி, பி, சினு நாலு கட்டம் இருக்கும், அதப் பாருங்க. லெக்சர், டியூட்டோரியல், பிராக்டிகல், கிரெடிட்ங்கறதோட மொத எழுத்துங்க, கிரெடிட்னா அந்தப் பாடத்தோட எடை. தியரி வாரம் ஒரு பீரியடுக்கு ஒரு கிரெடிட், லேப்னா பாதிதான். அதனால டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தியரிக்கு 3, அதே மூணு பீரியட் ஓடுற லேபுக்கு 1.5 (ரெக்கார்டு நோட்டு எழுதற நேரத்துக்குக் கணக்கே கெடையாது, பாவம் பசங்க). ஜிபிஏ, அதாவது மொத்த கிரேடு சராசரி, போடறப்ப 4 கிரெடிட் மேத்ஸ்ல சறுக்கினா இழுக்கிற இழுப்பு லேபுல சறுக்கினா இருக்காது. நாளைக்கு வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணா சிலபஸ் காப்பியும் சேத்து வெச்சுக்கச் சொல்லுங்க, கோட மட்டும் பாத்து அங்க யாருக்கும் ஒண்ணும் புரியாது.

கேள்வி: தம்பி பெரியார் யுனிவர்சிட்டில பிஎஸ்சி, மொத்தம் 140 கிரெடிட். இங்கிலாந்துல மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்றான், அங்க டிகிரிக்கு 360ங்கறாங்க. மிச்சம் 220க்கு எங்க போறது?
- அஸ்தம்பட்டி வாசகி

பதில்: எங்கயும் போக வேணாம்மா. அங்க ஒரு கிரெடிட்னா 10 மணி நேர உழைப்பு, கிளாஸ், வீட்ல படிக்கிறது, பரீட்சைக்குத் தயாராகறது எல்லாம் அதுல அடக்கம். வருசத்துக்கு 120, மூணு வருசம் 360. நம்மூர்ல வாரத்துக்கு எத்தன மணி நேரம் கிளாஸ்ங்கறத வெச்சுதான் கணக்கு, அப்புறம் எப்படி ரெண்டும் ஒத்துப்போகும்? ஐரோப்பாவுல வருசத்துக்கு 60 தான், அதுக்காக அவங்க பாதிப் படிப்பா படிக்கிறாங்க? இங்கிலாந்துல லெவல்னும் ஒண்ணு சொல்வாங்க, டிகிரி மூணு வருசமும் 4, 5, 6, மாஸ்டர்ஸ் 7. தம்பி கேக்கறது அந்த 7க்கு. ஃபார்ம்ல கிரெடிட் கட்டம் இருந்தா 140னே போடச் சொல்லுங்க, சொந்தமா பெருக்கி 360னு எழுதிட வேணாம்.