இடி இல்லாத மின்னல் உண்டா?

கேள்வி: கோடை இரவுகளில் வானத்தின் ஓர் ஓரம் பளிச் பளிச்சென்று மின்னுகிறது. இடிச்சத்தமே கேட்பதில்லை. "அது வெறும் சூட்டு மின்னல், ஒன்றும் செய்யாது" என்கிறார்கள் வீட்டில். வெக்கையில் காற்றே இப்படி மின்னுமா?

பதில்: மின்னாது. எவ்வளவு புழுக்கமான இரவானாலும் மேகமில்லாமல் வெறும் சூடு மின்னலை உண்டாக்காது. நீங்கள் பார்ப்பது தொலைவில் எங்கோ அடிக்கும் இடிமழையின் மின்னல். அந்த மேகத்துக்கு அடியில் இருப்பவருக்கு இடி காதைப் பிளக்கும். உங்களிடம் அது வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இடிமேகம் 12 முதல் 15 கிலோமீட்டர் உயரம்வரை வளரும். அவ்வளவு உயரத்து வெளிச்சம் இரவில் 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். இடியோசைக்கோ 15, 20 கிலோமீட்டரைக் கடப்பதே பெரும்பாடு. பொதுவாகத் தரையருகே காற்று சூடாக இருக்கும். மேலே போகப் போகக் குளிரும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைவு. அதனால் ஓசை மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலாகப் போய்விடுகிறது.

அடுத்த முறை உற்றுப் பாருங்கள். தலைக்கு மேல் நட்சத்திரங்கள் தெளிவாக இருக்கும். தூரத்தில் ஒரு மேகம் உள்ளிருந்து ஒளிரும். அதன் பஞ்சுப்பொதி விளிம்பு ஒரு கணம் தெரிந்து மறையும். மின்னல் கொடி மட்டும் கண்ணில் படாது. அது மேகத்துக்குள்ளோ அடிவானத்துக்குக் கீழோ இருக்கும். ஒரு வெட்டே படபடவென்று துடிப்பதையும் கவனியுங்கள். ஒரே பாதையில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து மின்சாரம் பாய்வதால் வரும் துடிப்பு அது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆனால் அந்த 'ஒன்றும் செய்யாது' என்ற பேச்சை மட்டும் ஏற்க மாட்டேன். தனியாகச் சாதுவான மின்னல் என்று ஒரு சாதி கிடையாது. அந்த மேகம் உங்கள் பக்கமே நகர்ந்து வரலாம். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தரையில் இறங்கியிருக்கிறது. ஆகவே வெளிச்சம் அடிவானத்தை விட்டு மேலேறுகிறதா என்று பாருங்கள். லேசான உறுமல் கேட்டாலும் உடனே எழுந்து வீட்டுக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வர வேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.