ராத்திரி செக்கிங்கும் பையனோட ஃபோனும் – கடிதம், பதில்

வணக்கம் சார். ஓசூர் சிப்காட் பக்கம் அஞ்சு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கேன், எல்லாம் ஒடிசா, பீகார் பசங்க. போன வாரம் ராத்திரி போலீஸ் வந்து ஆதார் பாத்தாங்க, போட்டோ எடுத்தாங்க, அதோட விடாம ஒரு பையன் ஃபோன வாங்கி லாக் எடுக்கச் சொல்லி கேலரி, வாட்ஸ்அப் எல்லாத்தையும் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. அவன் ரெண்டு நாளா சரியா சாப்புடல. தப்பு பண்ணலன்னா உனக்கென்னடா பயம்னு நான் கேட்டதுக்கு என் பொண்ணு என்கிட்ட சண்ட போட்டுட்டா. 2024 மார்ச்ல பெங்களூர் ஓட்டல்ல குண்டு வெடிச்சுது, நாம பார்டர்ல இருக்கோம். பாதுகாப்புன்னா கொஞ்சம் பொறுத்துக்க வேண்டியதுதானே?

– ஓசூர் வாசகர்

வணக்கங்க. நான் உங்க பொண்ணு கட்சி. ஆனா போலீஸ் வந்ததுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, குண்டு வெடிச்ச ஊரு பக்கத்துல இருக்கு, யாரு தங்கியிருக்காங்க எங்க வேலை பாக்கறாங்கன்னு கேக்கறது அவங்க வேல, கேட்டே ஆகணும்.

தப்பு பண்ணலன்னா என்ன பயம்ங்கறதுதான் எனக்கு ஆகாத பேச்சு. நான் அரூர் பக்கத்துக்காரன். 1992 ஜூன் 20, எங்க பக்கத்துல வாச்சாத்திங்கற கிராமம். சித்தேரி மலையில சந்தனக்கட்ட கடத்தல் நடந்தது நெஜம், தேடறதுக்கு காரணம் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு ஒரு படையே ஊருக்குள்ள பூந்து, ஜனங்கள ஆலமரத்தடிக்கு இழுத்துட்டு வந்து அடிச்சு, 18 பொண்ணுங்கள ஏரிப்பக்கம் கொண்டு போயி பாலியல் வன்கொடுமை பண்ணி, வீட்டயெல்லாம் சூறையாடி, கடைசியில அந்த ஜனங்க மேலயே கடத்தல் கேஸ் போட்டு குழந்தைகளோட சேத்து சேலம் ஜெயிலுக்கு அனுப்புனாங்க. அவங்க என்ன தப்பு பண்ணாங்க? அந்தப் படையில 269 பேர் மேல குத்தம் சாட்டி, அதுல 54 பேர் செத்தே போயி, மிச்சம் 215 பேரும் குத்தவாளின்னு தர்மபுரி கோர்ட் சொன்னது 2011ல. ஹைகோர்ட் அத உறுதி பண்ணது 2023ல, 31 வருஷம் கழிச்சு.

உங்க ரூம்ல நடந்ததும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. தேடறவனுக்கு காரணம் இருந்தா மட்டும் போதாது, எது வரைக்கும்னு ஒரு எல்லையும் வேணும், அந்த எல்லைய கேக்க ஒரு ஆளும் வேணும். 2017 ஆகஸ்ட் 24ல சுப்ரீம் கோர்ட்ல ஒம்போது ஜட்ஜுங்க அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்களே, அதுல கேக்கறதும் இதத்தான்: அரசாங்கம் உள்ள நுழையறதுக்கு சட்டம் இருக்கா, நியாயமான நோக்கம் இருக்கா, செய்யறது அந்த நோக்கத்துக்கு தேவையான அளவுதானா. ஆதார் பாத்தது இதுல தேறும். கேஸும் இல்ல, அவன் மேல ஒரு சந்தேகமும் இல்ல, அப்பறம் அவன் அம்மாகூட பேசுனத படிக்கறது எந்த பாதுகாப்புல சேத்தி? பொறுத்துக்கணும்னு சொல்றது நீங்க, பொறுத்துக்கறது அவன். நாளைக்கு உங்க பொண்ணு ஃபோன அப்படி கேட்டா குடுப்பீங்களா?

பாதுகாப்புக்குன்னு தெருவுல கேமரா வைக்கறதும் எனக்கு வேண்டாததில்ல, ஸ்டேஷனுக்குள்ளயும் அது ஓடணும், அவ்வளவுதான். 2020 ஜூன்ல சாத்தான்குளத்துல அப்பாவும் மகனும் போலீஸ்கிட்ட அடி வாங்கி செத்தாங்க, அந்த ஸ்டேஷன் கேமரா பதிவு தினமும் தானா அழியற மாதிரி செட் பண்ணியிருந்துச்சுன்னு விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதுனாரு. அதே வருஷம் டிசம்பர்ல, நாடு பூரா எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவ 18 மாசம் வச்சிருக்கணும், முடியலன்னா ஒரு வருஷமாவதுன்னு சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு. தெருவுல கேமரா கேக்கற நாம இத யாராவது கேக்கறோமா?

அடுத்த தடவ வந்தாங்கன்னா ஆதார் ஜெராக்ஸ், வாடகை அக்ரிமெண்ட் எல்லாம் நீங்களே எடுத்துக் குடுங்க. வந்தவர் பேரு, எந்த ஸ்டேஷன்னு எழுதி வச்சுக்கங்க. ஃபோன கேட்டா, என்ன கேஸு சார், எழுத்துல குடுங்கன்னு மரியாதையா கேளுங்க. 2024 ஜூலைல வந்த புது குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சோதனையும் பறிமுதலும் வீடியோ எடுக்கணும், அதையும் கேளுங்க. நீங்க வீட்டுக்காரர், உள்ளூர்க்காரர், தமிழ்ல பேசறவர், உங்களுக்கு பதில் சொல்லுவாங்க. அந்தப் பையன் ஹிந்தியில கேட்டா அவனத்தான் சந்தேகமா பாப்பாங்க, அதனால அந்த நேரத்துல நீங்க அவன் பக்கத்துல போயி நில்லுங்க.