மடத்துக்கும் போகாம, கல்யாணமும் பண்ணாம

அன்புள்ள அக்கா,

தோத்திரம். எனக்கு தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊரு, இப்ப சென்னைல நர்ஸ், வயசு 27. ஒரு குழு மூலமா ஆப்பிரிக்காவுல ஒரு கிராமத்துக்கு, பொதுநிலை மறைப்பணியாளரா, அதாவது சிஸ்டரா ஆகாமலே திருச்சபை சேவைக்கு, ரெண்டு வருஷம் போக சான்ஸ் வந்திருக்கு. அம்மா ஒரே அழுகை. "போறதுன்னா மடத்துக்குப் போ, இல்லன்னா கல்யாணம் பண்ணு, இது என்ன ரெண்டுங்கெட்டான்"ங்கறாங்க. கூட வேலை பாக்குற பொண்ணு "மதம் மாத்தவா போற"ன்னு கேக்குறா. அங்க மாசம் ஒரு பூசைதானாம். சிஸ்டர் உடுப்பு இல்லாம போனா யாருக்கா மதிப்பாங்க? பேரு போட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சி,

உரிமையா நீன்னே சொல்றேன். உங்க அம்மா சொன்னதப் படிச்சுட்டு சிரிப்புதான் வந்துச்சு, எங்க அம்மாவும் அச்சு அசலா இப்படித்தான் சொல்லியிருப்பாங்க. ஆனா 2022ல ரோமாபுரியில புனிதர் பட்டம் குடுத்தாங்களே தேவசகாயம் பிள்ளை, அவரு என்ன ஃபாதரா? பொண்டாட்டியோட குடும்பம் நடத்தினவரு, அரண்மனை உத்தியோகம். அம்மாகிட்ட அதச் சொல்லு.

உடுப்பு விஷயத்துக்கு அன்னாலேனா தொனெல்லியப் பத்தி சொல்றேன். இத்தாலில ஃபோர்லின்னு ஊரு, சட்டம் படிச்சவங்க, 1969ல கென்யாவுக்கு டீச்சரா போனாங்க, எந்த சபையிலயும் சேரல. அப்புறம் போய் இருந்தது வஜீர், வடகிழக்குல வறண்ட காடு, ஒட்டகம் மேய்க்கிற சோமாலி ஜனங்க, எல்லாரும் முஸ்லிம். அங்க டிபி. நீ நர்ஸு, மாத்திரைய பாதியில விட்டா என்ன ஆகும்னு உனக்கு நான் சொல்லணுமா? அப்பல்லாம் வைத்தியமே ஒரு வருஷத்துக்கு மேல இழுக்கும், மழை பெஞ்ச பக்கமா ஒட்டகத்த ஓட்டிட்டுப் போறவன் வார்டுல எத்தன நாள் படுத்துக் கெடப்பான், இருமல் கொறஞ்சா கெளம்பிருவான். அவனத் திட்டிட்டு இருக்காம, 1976ல, அவங்க வழக்கப்படியே குடிசை போட்டுத் தங்குற மாதிரி ஒரு குடியிருப்பு, மன்யாட்டான்னு சொல்வாங்க, அத அமைச்சு, ஆறு மாசம் இங்க இரு, தெனமும் எங்க கண்ணு முன்னாடி மாத்திரைய முழுங்குன்னு வச்சாங்க. இன்னைக்கு நீங்க டாட்ஸ்னு செய்றீங்களே, அதுக்கு முன்னோடியா சொல்றதுல இதுவும் ஒண்ணு. மதம் மாத்துற பேச்சே கெடையாது. உன் ஃப்ரெண்டுகிட்ட நீ வாயால வாதாட வேண்டாம்.

1984ல வஜீர் பக்கத்துல வகல்லா விமானத் தளத்துல ராணுவம் சோமாலி ஆம்பளைங்கள அடைச்சு வச்சுக் கொன்னுச்சு. இந்தம்மா காயம்பட்டவங்களையும் பொணங்களையும் தேடித் தேடி எடுத்து, விஷயத்த வெளி உலகத்துக்குக் கொண்டு போனாங்க, அதுக்கப்புறம் கென்யாவ விட்டே அனுப்பிட்டாங்க. பேசாம சோமாலியாவுக்குப் போயிட்டாங்க! கடைசியா போராமாங்கற ஊர்ல டிபி ஆஸ்பத்திரி, காது கேக்காத பிள்ளைங்களுக்கு ஸ்கூலு. ஹெச்ஐவிய ஊருக்குள்ள கொண்டு வராங்கன்னு கல்லெறியும் வாங்கினாங்க. மாசம் ஒரு பூசைன்னு நீ யோசிக்கிற, அங்க அதுவும் இல்ல, ஜிபூட்டியில இருந்து ஆயர் எப்பவாவது வந்தாத்தான்.

2003 ஜூன்ல, அகதிகளுக்காக உழைக்கிறவங்களுக்கு ஐ.நா. குடுக்குற நான்சென் விருது. அதே வருஷம் அக்டோபர் 5, ஆஸ்பத்திரியிலயே சுட்டுட்டாங்க. வயசு 60. உன்னப் பயமுறுத்தச் சொல்லல, இத மறைச்சுட்டு போயிட்டு வாம்மான்னு சொல்ல எனக்கு மனசு வரல, அவ்ளோதான்.

உன் லெட்டர்ல எனக்கு இடிக்கிறது அந்த ரெண்டு வருஷம்தான். பாஷை வாயில வரவே ஒரு வருஷம் ஓடிரும், வயித்து வலின்னு ஒரு கெழவி சொல்றது எந்த மாதிரி வலின்னு புரியறதுக்குள்ள திரும்பி வர ஃப்ளைட் டிக்கெட் வந்துரும். அந்தம்மா 34 வருஷம் இருந்தாங்க, உன்ன அவ்ளோ நாள் இருன்னு சொல்ல நான் யாரு, ஆனா குழுகிட்ட கேளு: பாஷை எத்தன மாசம் சொல்லித் தருவாங்க, அந்த ஊரு நர்ஸ் யாராவது கூட இருப்பாங்களா, நீ வந்தப்புறம் அந்த வேலைய யாரு பாப்பா. மழுப்புனாங்கன்னா வேற குழு பாரு.

பதில் வாங்கிட்டு எழுது. அம்மாகிட்ட அதுக்கப்புறம் நான் பேசறேன்.

அன்புடன்,
அக்கா