அழுக்குப் பக்கமா, பளிச்சென்ற பக்கமா?

கேள்வி: சிறு வயது முதல் காமிக்ஸ் வாசிக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன் ஓவியர் தன் கையால் வரைந்த மூலப் பக்கம் ஒன்றையாவது சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. இப்போது இரண்டு பக்கங்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, எனக்கு மிகவும் பிடித்த ஓவியர் வரைந்தது. ஆனால் அதில் நாயகனே இல்லை. ஒரு பெண்ணும் ஓர் ஆணும் மாடிப்படியில் நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். அங்கங்கே வெள்ளைப் பூச்சு, ஓரங்களில் நீலக் கிறுக்கல், ஒரு பேச்சுக் குமிழி உதிர்ந்துபோன இடத்தில் மஞ்சள் கறை. மற்றொன்று 1964ஆம் ஆண்டு அமெரிக்க இதழ் ஒன்றில் வந்ததாம். நாயகன் பக்கம் முழுக்கப் பாய்கிறான். படம் 10க்கு 15 அங்குலம். ஒரு கறை கிடையாது. விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என் மனைவியோ, “புத்தகத்தில் இருக்கிற அதே படத்துக்கு, அதுவும் அழுக்குப் பிடித்த தாளுக்கு, எதற்கு இவ்வளவு பணம்?” என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எதை வாங்குவது? அழுக்குப் பக்கத்தை வாங்கினால் சுத்தம் செய்துகொள்ளலாமா? இரண்டின் புகைப்படங்களையும் இணைத்திருக்கிறேன்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரப்பரைக் கையால் தொடாதீர்கள். தொட்டுக் கெட்டவன் சொல்கிறேன். நான் வாங்கிய முதல் மூலப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. கண்ணாடி போடுவதற்கு முன் கொஞ்சம் பளிச்சென்று ஆக்கிவிடுவோமே என்று உட்கார்ந்து, அரை மணி நேரம், பள்ளிக்கூடப் பையன் கணக்கு நோட்டை அழிப்பதுபோல் அழித்தேன். பாதி அழித்த பிறகுதான் அது என்ன என்று வாசித்தேன். பென்சிலில் வரைந்தவர், மை போடப்போகிறவருக்கு எழுதிய குறிப்பு அது. இவள் முகத்தில் நிழல் விழ வேண்டாம், பொய் சொல்கிறாள் என்பது இப்போதே தெரிந்துவிடக் கூடாது என்கிற பொருளில் இருந்ததாக நினைவு. நினைவுதான் மிச்சம். தாளில் ஒன்றும் இல்லை. அந்த இடம் மட்டும் மற்ற ஓரங்களைவிட வெள்ளையாக, என் முட்டாள்தனத்துக்குச் சாட்சியாக இருக்கிறது.

நீங்கள் அழுக்கு என்று எழுதியிருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மூலப் பக்கத்தை யாரும் சுவரில் மாட்டுவதற்காக வரையவில்லை. அச்சுக்கூடத்துக் கேமராவுக்காக வரைந்தார்கள். அந்தக் கேமராவில் போட்ட படச்சுருளுக்கு வெளிர் நீலம் தெரியாது. நீலத்தையும் வெள்ளைத் தாளையும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஓவியர்கள் நீலப் பென்சிலால் தாராளமாகக் கிறுக்கினார்கள். அழிக்கிற வேலை மிச்சம். வெள்ளைப் பூச்சும் அப்படியே. மை தவறிவிட்டதா, மனம் மாறிவிட்டதா, மேலே வெள்ளையைப் பூசி அதன்மேல் மறுபடி வரை. தாளில் மேடு தட்டினாலும் அச்சில் தெரியப்போவதில்லை. வசனம் மாறினால் புதிய வசனத்தைத் தனித் துண்டில் எழுதி, ரப்பர் பசையால் பழைய குமிழியின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். அந்தப் பசை ஆண்டுகள் போகப் போக மஞ்சளாகும், பிறகு பிடி விடும், துண்டு உதிரும். உங்கள் பக்கத்தில் நடந்தது அதுதான்.

ஓரக் குறிப்புகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. 1960களில் மார்வெல் நிறுவனத்தில் பல கதைகளுக்கு முழு வசனம் முதலில் எழுதப்படவில்லை. கதைச் சுருக்கத்தைப் பேசிக்கொள்வார்கள், ஓவியர் பக்கம் பக்கமாக வரைந்து தருவார், அதைப் பார்த்துத்தான் வசனம் எழுதப்படும். ஆகவே ஜாக் கிர்பி போன்றவர்கள் எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, யார் என்ன நினைக்கிறார் என்று ஓரத்தில் எழுதிவைத்தார்கள். கதையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று இன்றுவரை நடக்கும் சண்டைக்கு அந்தப் பென்சில் வரிகள்தான் ஆவணம். அச்சான இதழில் அவற்றில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. நல்லவேளை, அந்தப் பக்கங்கள் எல்லாம் என்னைப் போன்ற சுத்தக்காரர்கள் கையில் சிக்கவில்லை.

இப்போது அந்தப் பளிச்சென்ற பக்கத்துக்கு வருகிறேன். புகைப்படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதலில் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். அமெரிக்க மாத இதழ்களுக்கு 1967 வாக்கில் வரையில் பெரிய அட்டையில்தான் வரைந்தார்கள். படம் மட்டுமே ஏறக்குறைய பன்னிரண்டரை அங்குல அகலம், பதினெட்டரை அங்குல உயரம் இருக்கும். அதன் பிறகுதான் அது 10க்கு 15 அங்குலமாகச் சுருங்கியது. அட்டை 11க்கு 17. விற்பவர் 1964 என்கிறார். நீங்கள் எழுதியிருக்கும் அளவோ 10க்கு 15. கணக்கு உதைக்கிறது.

அடுத்து, பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தூரிகையால் நிரப்பிய கறுப்பு ஒருபோதும் ஒரே சீராக இருக்காது. ஓர் இழுப்பின்மேல் அடுத்த இழுப்பு ஏறிய இடம் தெரியும், மை தேங்கிய இடம் கொஞ்சம் மினுங்கும். கட்டத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி மயிரிழைபோல் மை ஓடியிருக்கும். மைக்கு அடியில் பென்சில் சுவடு எங்காவது ஒளிந்திருக்கும். இவை எதுவுமே இல்லாமல் கறுப்பு முழுக்க ஒரே தட்டையாக இருந்தால், அது அச்செடுத்த தாள். மை இருக்கிறது, ஆனால் கோடுகள் தயங்கித் தயங்கிப் போகின்றன என்றால், ஒளிப்பெட்டியின் மேல் அச்சுப் பக்கத்தை வைத்து யாரோ பிரதி எடுத்திருக்கிறார்கள். தன் கோட்டைப் போடுகிறவன் வேகமாகப் போடுவான். பிறர் கோட்டைப் பின்பற்றுகிறவனுக்கு அந்த வேகம் வராது. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். இதழின் பெயர், வெளியீட்டு எண், முத்திரை, சில நேரம் ஓவியர் கை பழகிய ஒரு மூக்கோ காதோ அங்கே இருக்கும்.

ஓவியரே பிற்காலத்தில் தன் புகழ்பெற்ற பக்கத்தை மீண்டும் வரைந்து விற்பதும் உண்டு. மறுபடி வரைந்தது என்று சொல்லி விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. சொல்லாமல் விற்றால்தான் வம்பு.

இவ்வளவும் தேறினால்கூட எனக்கு ஒரு கேள்வி மிச்சம். 1964இல் நாயகன் முழுப் பக்கம் பாயும் படம் உண்மையாக இருந்தால், அது எப்படி மாடிப்படிப் பேச்சின் விலைக்குக் கிடைக்கும்? சந்தையில் அட்டைப்பட ஓவியத்துக்கு முதல் மரியாதை, முழுப்பக்கப் படத்துக்கு அடுத்தது, நாயகன் இருக்கும் கட்டப் பக்கத்துக்கு அதற்கடுத்தது. நாயகன் இல்லாத பக்கம் கடைசி வரிசை. 2022இல் மைக் செக் வரைந்த ஒரே ஒரு ஸ்பைடர்மேன் பக்கம் ஏலத்தில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. 1984இல் வந்த அந்தப் பக்கத்தில்தான் அவனுக்குக் கறுப்பு உடை கிடைத்த கதை வருகிறது. விலை முழுக்க அந்த உடைக்கு. அப்படிப்பட்ட உலகத்தில் ஒருவர் உங்களுக்கு மட்டும் சலுகை காட்டுகிறார் என்றால், ஏன் என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பக்கம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்பதையும் கேளுங்கள், இரண்டு பக்கங்களுக்குமே. 1970களின் நடுப்பகுதிவரை பெரிய அமெரிக்க நிறுவனங்கள் மூலப் பக்கங்களை ஓவியர்களிடம் பொதுவாகத் திருப்பித் தரவில்லை. கிடங்கில் போட்டார்கள், பார்வையாளர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், கிழித்தெறிந்தார்கள், களவும் போனது. கிர்பி மார்வெலுடன் பல ஆண்டுகள் போராடி 1987இல் திரும்பப் பெற்றது சுமார் 2,000 பக்கங்கள்தான். அவர் அங்கே வரைந்ததில் அது சிறு பங்கு. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: ஸ்பைடர்மேன் முதன்முதலில் தோன்றிய 1962ஆம் ஆண்டு இதழுக்காக ஸ்டீவ் டிட்கோ வரைந்த 24 பக்கங்களை, பெயர் சொல்லாத ஒருவர் 2008இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சரி, உங்கள் மனைவியின் கேள்வி. நியாயமான கேள்வி அது, கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அனுப்பிய மாடிப்படிப் புகைப்படத்தையும் அதே பக்கம் அச்சான புத்தகத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையும் கூப்பிடுங்கள். ஆறு கட்டங்கள். முதல் கட்டத்தில் அந்தப் பெண் படியின் உச்சியில் நிற்கிறாள், அவன் அடியில். ஒவ்வொரு கட்டத்துக்கும் அவள் ஒரு படி இறங்குகிறாள். அவன் அசையவில்லை. கடைசிக் கட்டத்தில் இருவர் தலையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. புத்தகத்தை நானும் வாசித்திருக்கிறேன். வசனத்தின் வேகத்தில் இதை ஒருமுறையும் கவனித்ததில்லை. இப்போது நான்காம் கட்டத்தில் அவன் வலது கையைப் பாருங்கள். அச்சில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிறான். மூலத்தில் அந்தக் கைக்கு மேலே, தோள் உயரத்தில், வெள்ளைப் பூச்சு ஒரு திட்டாக இருக்கிறது. உற்றுப் பார்த்தால் பூச்சுக்கு அடியில் ஐந்து விரல்கள். முதலில் அவளை நிறுத்தச் சொல்லிக் கை உயர்த்தியிருக்கிறான். ஓவியருக்கு அது பிடிக்கவில்லை. கையைத் தாழ்த்திக் கம்பியில் வைத்துவிட்டார். மூலம் என்பது இதுதான் அம்மா என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். புத்தகத்தில் முடிவு மட்டும் இருக்கிறது, ஓவியர் மனம் மாறிய இடம் இந்தத் தாளில் இருக்கிறது.

பிறகும் அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், பொறுங்கள். பணம் இருவருடையது. 2010இல் அமெரிக்காவில் ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் எடிஷன்’ என்ற வரிசை தொடங்கியது. மூலப் பக்கங்களை அதே அளவில், கறை, நீலப் பென்சில், ஒட்டுத்துண்டு எல்லாம் தெரியும்படி வண்ணத்தில் அச்சிட்ட தடித்த புத்தகங்கள். ஒரு மூலப் பக்கத்தின் விலையோடு ஒப்பிட்டால் மலிவு. கண் பழகுவதற்கு அதைவிட நல்ல பாடப் புத்தகம் கிடையாது. கடன் வாங்கி மட்டும் இந்த உலகத்துக்குள் வராதீர்கள். விலை ஏறும் என்று சொல்லி விற்கிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கறை இருந்தால் மதிப்புப் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பெல்ஜிய ஓவியர் எர்ஜே 1936இல் ‘நீலத் தாமரை’ என்ற டின்டின் கதையின் அட்டைக்காக வரைந்த ஓவியம் 2021இல் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது. அந்தத் தாளைத் துணிபோல் மடித்துவைத்திருக்கிறார்கள். மடிப்புத் தடங்கள் இன்றும் தெரிகின்றன.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மரபான கறுப்பு மையில் இருப்பது கரி, அது வெளுக்காது. மார்க்கர் பேனாவால் நிரப்பிய கறுப்பு அப்படி இல்லை. சில ஆண்டு வெயில் பட்டால் பழுப்பாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். ஆகவே ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலம் இல்லாத அட்டை, பக்கம் கண்ணாடியைத் தொடாத இடைவெளி, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். லேமினேஷன், செல்லோடேப் இரண்டும் வீட்டில் இருப்பதையே மறந்துவிடுங்கள். பக்கம் உங்களுடையது என்பதால் அதை அச்சிட்டு விற்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

உதிர்ந்த குமிழியைப் பற்றி விற்பவரிடம் இன்றே கேளுங்கள். அந்தத் துண்டு அவரிடம் இருந்தால், விலையோடு சேர்த்து அதையும் வாங்கிவிடுங்கள். மறுபடி ஒட்டாதீர்கள், ஒரு சிறு உறையில் போட்டுப் பக்கத்தோடு வைத்தால் போதும். மஞ்சள் கறைக்கு நடுவே முதலில் எழுதிய வசனம் மங்கலாகத் தெரிகிறது. அவள் கடைசிப் படியில் நின்று முதலில் என்ன சொன்னாள் என்று புகைப்படத்தை எவ்வளவு பெரிதாக்கியும் என்னால் வாசிக்க முடியவில்லை. பக்கம் கைக்கு வந்ததும் நல்ல வெளிச்சத்தில் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.