பணியில் இருக்கும் போலீஸ்காரரைத் தாக்கினால் தண்டனை ஏன் கூடுதல்?

அரசு ஊழியர் தன் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கவோ, செய்ததற்குப் பழிவாங்கவோ அவர்மேல் கை வைப்பது தனிக் குற்றம். போலீஸ்காரர் மட்டுமல்ல, கிராம நிர்வாக அலுவலரும் இதில் அடக்கம்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 132-வது பிரிவின்படி, காயமே இல்லாவிட்டாலும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாகனச் சோதனையில் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாலே போதும். காயம்பட்டால் 121-வது பிரிவு, 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தில் இது 3 ஆண்டுதான். எலும்பு முறிந்தால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10. சாதாரணத் தெருச் சண்டைக் காயத்துக்கோ 1 ஆண்டு வரைதான்.

ஏன் இந்த வித்தியாசம்? கபடியில் எதிரணி ஆளைத் தள்ளுவது வேறு, நடுவரைத் தள்ளுவது வேறு. நடுவர் மிரண்டால் ஆட்டமே நடக்காது. சட்டம் இங்கே காப்பது அந்த மனிதரின் உடம்போடு அவர் செய்யும் வேலையையும்தான். அதனால்தான் சொந்தத் தகராறில் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரரை அடித்தால் இந்தப் பிரிவுகள் வராது. இது நியாயமான எல்லை என்றே நினைக்கிறேன்.

போலீஸிடம் வாக்குவாதம் செய்தாலே இந்த வழக்கு பாயும் என்று பலர் பயப்படுகிறார்கள். வெறும் பேச்சு தாக்குதல் ஆகாது, கை ஓங்கினால் ஆகும்.