வக்கீலாக வழக்காடும் 'ஏஸ் அட்டர்னி' வீடியோ கேம் வரிசை முழுவதும் முடித்தாயிற்று. அடுத்து எந்தத் துப்பறியும் கேம் ஆடலாம்?

முதலில் அந்த வரிசையில் உங்களைக் கட்டிப்போட்டது எது என்று யோசியுங்கள். சாட்சியின் பொய்யை ஆதாரத்தோடு உடைக்கும் அந்த நொடியா, கதையா?

கதை என்றால் 'கோஸ்ட் ட்ரிக்'. ஏஸ் அட்டர்னியை உருவாக்கிய ஷூ டக்குமியே 2010-இல் எடுத்தது. 2023-இல் புதுப்பொலிவோடு மறுபடி வந்தது. செத்துப்போன நாயகன் விளக்கு, சைக்கிள் என்று பொருள்களுக்குள் புகுந்து, ஒருவர் சாவதற்கு 4 நிமிடம் முன்னால் போய் அவரைக் காப்பாற்றுகிறான். முடிவை யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்!

நீங்களே மூளையைக் கசக்க வேண்டுமென்றால், கண்ணை மூடிக்கொண்டு 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்' (2018) வாங்குங்கள். 1807-இல் ஆளில்லாமல் கரை சேரும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல். அதில் போன 60 பேரும் யார், என்ன ஆனார்கள் என்று காப்பீட்டு ஆய்வாளராக நீங்கள் எழுத வேண்டும். பெயரை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தூளிப் படுக்கையில் கட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து, கப்பல் பட்டியலில் அதே எண்ணைத் தேடினால் ஒரு மாலுமி பிடிபடுவார். மூன்று பேரைச் சரியாகச் சொன்னால்தான் கேம் உறுதிசெய்யும் என்பதால் குருட்டு யூகம் எளிதில் செல்லாது. பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அது பிடித்தால் 'தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல்' (2022). காட்சியில் பொறுக்கிய சொற்களால் கோடிட்ட இடங்களை நிரப்பி, கொலையை விளக்க வேண்டும்.

நீதிமன்றமே வேண்டுமா? 'தி கிரேட் ஏஸ் அட்டர்னி' இரண்டையும் ஆடிவிட்டீர்களா என்று பாருங்கள். தனித் தொகுப்பு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள்.